பிட்காயின் நோடுகளை எண்ணும்போது கணக்கு உதைக்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பிட்காயின் வலையமைப்பில் எத்தனை நோடுகள் (பிட்காயின் மென்பொருளை ஓட்டும் கணினிகள்) ஓடுகின்றன, எந்த நாட்டில் எத்தனை என்று பார்க்க ஒரு கிராலர், அதாவது நோடு நோடாகத் தேடிப்போகும் நிரல், எழுதுவது சனி ஞாயிறு வேலைதான். டிஎன்எஸ் சீடுகள் என்னும் தொடக்க முகவரி தரும் சர்வர்களிடம் முதல் சில முகவரிகளை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றின் 8333 போர்ட்டிலும் இணைந்து, வெர்ஷன், வெராக் என்ற அறிமுகச் செய்திகளின் பரிமாற்றத்தை முடித்து, கெட்-அட்ரஸ் என்று கேட்டால் அது தனக்குத் தெரிந்த முகவரிகளைக் கொடுக்கும். அந்த முகவரிகளிடம் போய் அதையே கேட்க வேண்டும். புது முகவரி வருவது நின்றால் முடிந்தது.

வந்த எண்ணை நம்பலாமா என்பதில்தான் மாதக்கணக்கு போகிறது. நான் முதல் தடவை ஓட்டியபோது எண் லட்சத்தைத் தாண்டி ஓடியது. திருத்தி ஓட்டியபோது ஆயிரத்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டுமே தப்பு. அதற்கப்புறம் பார்த்த கோளாறுகளைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் வரைபடத்தில் கோளாறு என்று வந்தவர்கள், எண்ணிக்கை பற்றிய பகுதிகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். தப்பான எண்ணை வைத்து எவ்வளவு அழகாக வரைபடம் போட்டாலும் அது தப்பான வரைபடம்தான்.

இணைப்பு கிடைக்கிறது, பதில் வரவில்லை

டிசிபி இணைப்பு உடனே கிடைக்கிறது, வெர்ஷன் அனுப்பியதும் எதிர்முனை அறுத்துக்கொண்டு போகிறது என்றால் செய்தியின் முதல் 4 பைட்டுகளைப் பாருங்கள். மெயின்நெட்டுக்கு, அதாவது உண்மையான வலையமைப்புக்கு, அவை எஃப்9, பிஇ, பி4, டி9. டெஸ்ட்நெட், ரெக்டெஸ்ட் என்ற சோதனை வலையமைப்புகளுக்கு வேறு. அது சரியாக இருந்தால் வெர்ஷன் செய்தியில் நீங்கள் சொல்லும் நெறிமுறைப் பதிப்பைப் பாருங்கள். பழைய உதாரண நிரலிலிருந்து எடுத்த எண் 31800க்குக் கீழே இருந்தால் பெரும்பாலான நோடுகளில் ஓடும் மென்பொருளான பிட்காயின் கோர் பேசவே மாட்டேன் என்று துண்டித்துவிடும்.

அறுக்கவும் இல்லை, பதிலும் இல்லை, சும்மா நிற்கிறது என்றால் பெரும்பாலும் செக்சம் (செய்தி சிதையாமல் வந்ததா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) தப்பு. செய்தியின் உள்ளடக்கத்தை ஷா-256 என்ற ஹாஷ் கணக்கில் இரண்டு முறை போட்டு முதல் 4 பைட்டுகளை எடுக்க வேண்டும். ஒரு முறை மட்டும் போட்டுவிட்டு நாள் முழுக்கத் தேடியவர்களில் நானும் ஒருவன்.

இதையெல்லாம் ஊரார் நோடுகளிடம் சோதிக்காதீர்கள். சொந்தக் கணினியில் ரெக்டெஸ்ட் முறையில் ஒரு நோடை எழுப்பி, நெட் டீபக் பதிவைத் திறந்துவைத்துக்கொண்டு அதன் 18444 போர்ட்டில் மோதிப் பாருங்கள். என்ன பிடிக்கவில்லை என்று அதுவே பதிவில் எழுதிவிடும்.

சில நோடுகள் மட்டும் இப்படி நடந்துகொண்டால் உங்கள் மேல் தப்பில்லை. 2017இல் பிரிந்துபோன பிட்காயின் கேஷும் 8333 போர்ட்டையே பயன்படுத்துகிறது, ஆனால் அதன் முதல் 4 பைட்டுகள் இப்போது வேறு. பிட்காயின் மொழி பேசாததைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிடுங்கள். போர்ட் திறந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து எண்ணுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

எல்லா போர்ட்டும் 36128 என்று வருகிறது

பைட் வரிசை தலைகீழ். பிட்காயின் செய்திகளில் கிட்டத்தட்ட எல்லா எண்களும் சிறிய முனை முதலில் வரும்படி எழுதப்படுகின்றன. முகவரியின் போர்ட் மட்டும் பெரிய முனை முதலில். 8333ஐ மாற்றிப் படித்தால் 36128. ஒரு வரித் திருத்தம்.

ஒரே ஒரு முகவரி வருகிறது, அல்லது எத்தனை முறை கேட்டாலும் அதே பட்டியல்

இவை இரண்டு தனிக் கோளாறுகள். ஒரே ஒரு முகவரி வந்தால் அது பெரும்பாலும் அந்த நோடின் சொந்த முகவரி. 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அது தன்னை அறிவித்துக்கொள்கிறது. அதையே கெட்-அட்ரஸுக்கான பதில் என்று எடுத்துக்கொண்டு இணைப்பை மூடிவிட்டால் உண்மையான பதிலைத் தவறவிடுவீர்கள். ஒரு நிமிடமாவது காத்திருங்கள்.

அதே பட்டியல் திரும்பத் திரும்ப வருவது வேண்டுமென்றே வைத்த பூட்டு. பிட்காயின் கோர் ஒரு இணைப்பில் ஒரு முறைதான் கெட்-அட்ரஸுக்குப் பதில் சொல்லும். தன்னிடம் உள்ள முகவரிகளில் 23 சதவீதமோ 1000 முகவரிகளோ, எது குறைவோ அதைத்தான் தரும். 0.21 பதிப்பிலிருந்து அந்தப் பதிலையும் ஏறத்தாழ ஒரு நாள் சேமித்துவைத்து, கேட்கிற எல்லோருக்கும் அதையே கொடுக்கிறது. யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள் என்று உளவு பார்ப்பதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. எனவே ஒரே நோடை நச்சரிப்பதில் பயனில்லை, நிறைய நோடுகளிடம் ஒரு முறை கேளுங்கள். இந்த ஒரு நாள் சேமிப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இன்னொரு இடத்தில் காலை வாரும்.

எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டவில்லை

லினக்ஸில் ஒரு நிரல் ஒரே நேரத்தில் திறந்துவைக்கக்கூடிய கோப்புகளின் எல்லை பல இடங்களில் 1024. ஒவ்வொரு இணைப்பும் ஒரு கோப்புக் கணக்குதான். யூலிமிட் கட்டளையால் அந்த எல்லையை உயர்த்துங்கள். அதைவிட முக்கியம், இணைப்புத் தோல்வி என்று பதியும்போது என்ன காரணம் என்பதையும் பதியுங்கள். உங்கள் பக்கம் கோப்பு எல்லை முடிந்ததையும் எதிர்முனை இறந்துபோனதையும் ஒரே 'தோல்வி'யில் போட்டால் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

வீட்டு இணைப்பில் ஓட்டுகிறீர்கள், கிராலர் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தொலைக்காட்சியில் தொடர் நின்றுவிட்டது என்று கூடத்திலிருந்து சத்தம் வருகிறது என்றால், ரவுட்டரின் நாட் அட்டவணை (எந்த இணைப்பு எந்தக் கருவிக்கு என்று அது குறித்துவைக்கும் பட்டியல்) நிரம்பிவிட்டது. ஆயிரக்கணக்கில் அரைகுறை இணைப்புகளை அது தாங்காது. வாடகை சர்வருக்கு மாறுங்கள். அதிலும் ஒரு சங்கடம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

எண் லட்சக்கணக்கில் வருகிறது

இதுதான் எல்லோரும் மாட்டுகிற இடம். காரணம் எளியது: கேள்விப்பட்ட முகவரிகளை எண்ணியிருக்கிறீர்கள், சந்தித்த நோடுகளை எண்ணவில்லை. கல்யாணத்துக்கு அழைத்தவர்கள் பட்டியலை வைத்து இலை போட்டதுபோல.

ஒரு நோட் தரும் முகவரிகள் 30 நாள் வரை பழையதாக இருக்கலாம். அதற்கப்புறம்தான் பிட்காயின் கோர் அவற்றை உதவாதவை என்று ஒதுக்குகிறது. இந்த 30 நாளில் வீட்டு இணைப்பில் ஓடும் ஒரு நோடின் ஐபி எத்தனை முறை மாறும்? தினமும் மாறினால் ஒரே ஆள் 30 ஆளாகப் பட்டியலில் நிற்கிறார். முகவரியோடு வரும் நேர முத்திரையை வைத்து வடிகட்டலாம் என்று தோன்றும். வேண்டாம். அது வழியில் கைமாறும்போது திருத்தப்படுகிறது, பொய்யாகவும் எழுதலாம்.

கேள்விப்பட்டதற்கும் சந்தித்ததற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதற்கு 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். ஸ்பெயினைச் சேர்ந்த டோனெட், பெரெஸ்-சோலா, ஹெரேரா-ஹுவான்கொமார்த்தி மூவரும் 37 நாள் வலையமைப்பைத் துழாவி 8,72,000க்கும் மேற்பட்ட வெவ்வேறு நோடுகளைக் கண்டதாக எழுதினார்கள். ஒரு கணத்தில் இணைப்பை ஏற்றுக்கொள்ளும் நோடுகளை மட்டும் எண்ணும் பிட்நோட்ஸ் போன்ற கருவிகளோ பல ஆண்டுகளாக ஆயிரக்கணக்கில், அதிகம் போனால் சில பத்தாயிரங்களில்தான் எண் சொல்கின்றன. இதில் ஒருவர் சரி, இன்னொருவர் தப்பு என்று இல்லை. ஒருவர் எண்ணியது 37 நாளில் கண்ணில் பட்ட முகவரிகளை, இன்னொருவர் எண்ணுவது இப்போது கதவைத் திறக்கிறவர்களை. செய்தித் தலைப்புகளில்தான் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

திருத்தம் இது. வெர்ஷன், வெராக் இரண்டும் முடிந்த நோடை மட்டும் எண்ணுங்கள். ஒரு முழுச் சுற்றைச் சில நிமிடங்களில் முடிக்கப் பாருங்கள். 6 மணி நேரம் ஓடும் கிராலர், அந்த 6 மணி நேரத்தில் எப்போதாவது விழித்திருந்தவர்களையெல்லாம் சேர்த்துவிடும். எண்ணின் பக்கத்தில் சுற்று எத்தனை நிமிடம் எடுத்தது என்பதையும் எழுதிவையுங்கள். அந்த நிமிடக் கணக்கு இல்லாமல் வரும் எண்ணை நான் படிப்பதே இல்லை.

அப்படியும் எண் கூடுதலாகத் தெரிந்தால் ஐபிவி6 என்ற புதிய வகை நீள முகவரிகளைப் பாருங்கள். ஒரே கணினி தன் /64 தொகுதிக்குள் (முதல் 64 பிட் ஒன்றாக உள்ள முகவரிகள்) நாளுக்கொரு முகவரி மாற்றிக்கொள்ளும். /64ஐ ஒன்றாக எண்ணிப் பாருங்கள், எண் எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். ஒரே நோட் ஐபிவி4, ஐபிவி6, டோர் (இருப்பிடத்தை மறைக்கும் வலையமைப்பு) என மூன்று வாசலில் நின்று உங்களிடம் பேசவும் முடியும். மூன்றும் ஒருவரே என்று கண்டுபிடிக்கும் வழியை வெளியிலிருந்து யாருக்கும் கிடைக்காமல் செய்யத்தான் நிரலாளர்கள் பாடுபடுகிறார்கள், அதை உடைக்கப் போகாதீர்கள். மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். மூன்றில் பெரியது கீழ் எல்லை, மூன்றின் கூட்டல் மேல் எல்லை.

எண் ரொம்பக் குறைவு, என் வீட்டு நோடே பட்டியலில் இல்லை

உங்கள் நோட் வெளியே போய் மற்றவர்களோடு பேசுகிறது. வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியவில்லை. ரவுட்டரில் 8333ஐத் திறந்துவிட்டும் இதே கதை என்றால், ரவுட்டரின் வெளிப்பக்க ஐபியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்துவைத்திருக்கிறது. இந்தியாவில் மொபைல் இணைப்பில் இது சாதாரணம், ஃபைபரிலும் நிறைய உண்டு. அந்த நிலையில் எந்தக் கிராலருக்கும் நீங்கள் தெரிய மாட்டீர்கள். பிட்காயின் நோட் வரைபடங்களில் சென்னையும் கோவையும் மங்கலாக இருப்பதைப் பார்த்து ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும்.

இப்படி மறைந்திருப்பவர்களை நேராக எண்ண முடியாது, மதிப்பிடத்தான் முடியும். எனக்குப் பிடித்த வழி சின்னக் கணக்கு ஒன்று. பிட்காயின் கோர் இயல்பாகத் தானே வெளியே தேடிப்போய் வைத்துக்கொள்ளும் நிலையான இணைப்புகள் 10. முழுமையாகப் பரிமாறுபவை 8, பிளாக் மட்டும் வாங்குபவை 2. ஆக மொத்த நோடுகள் பெருக்கல் 10 என்பதுதான் வலையமைப்பில் உள்ள மொத்த இணைப்புகள், அத்தனையும் கதவைத் திறந்துவைத்திருக்கும் நோடுகளிடம்தான் போய் விழுகின்றன. நீங்கள் வெவ்வேறு ஊர்களில் திறந்த நோடுகள் சிலவற்றை ஓட்டி, ஒன்றுக்குச் சராசரி எத்தனை உள்வரும் இணைப்பு என்று பார்க்கிறீர்கள். பேச்சுக்கு, திறந்த நோடுகள் 10,000, சராசரி உள்வரவு 50 என்று வைத்துக்கொள்வோம். மொத்த இணைப்பு 5 லட்சம். பத்தால் வகுத்தால் 50,000 நோடுகள். திறந்தவை போக மறைந்தவை 40,000.

கணக்கு அழகுதான், ஆனால் உள்வரவில் அழுக்கு நிறைய. மற்றவர்களின் கிராலர்கள் வரும், உங்களுடையதே வந்து போகும். கைபேசி வாலட்டுகள் வரும், அவை 10 இணைப்பு வைப்பதில்லை. பல முகவரிகளிலிருந்து பெரும்பாலான நோடுகளோடு இணைந்து வேவு பார்க்கும் ஒரு கூட்டத்தை 2023இல் பி10சி என்ற புனைபெயரில் எழுதும் நிரலாளர் அடையாளம் கண்டு, லிங்கிங்லயன் என்று பெயர் வைத்தார். அது சில முகவரித் தொகுதிகளிலிருந்தே வரும், வெர்ஷனில் விதவிதமான மென்பொருள் பெயர் சொல்லும், சீக்கிரம் போய்விடும். எனவே சில நிமிடத்தில் அறுந்த இணைப்புகளை நீக்குங்கள், ஒரே /24 தொகுதியிலிருந்து குவிவதை ஒன்றாக்குங்கள். இன்னொன்று, புதிதாக எழுப்பிய நோடுக்கு உள்வரவு குறைவாகத்தான் இருக்கும். அதன் முகவரி ஊருக்குள் பரவ வேண்டும். சில வாரம் ஓடவிட்டு அப்புறம் எண்ணுங்கள்.

உள்ளே வருபவர்கள் பாதிப் பேர் 127.0.0.1 என்று தெரிந்தால் பதற வேண்டாம். டோர் வழியாக வருபவர்கள் உங்கள் கணினியிலேயே ஓடும் டோர் நிரலின் முகவரியில்தான் தெரிவார்கள்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் எண் மாறுகிறது

மாறத்தான் செய்யும். நோடுகள் வருவதும் போவதுமாக இருக்கின்றன. இன்னொரு காரணம், இயல்பான அமைப்பில் ஒரு நோட் மொத்தம் 125 இணைப்புதான் வைக்கும். நிரம்பியிருந்தால் உங்களைத் திருப்பி அனுப்பலாம். ஒரே முயற்சியில் 'இல்லை' என்று எழுதாமல் இரண்டு மூன்று முறை முயலுங்கள்.

எவ்வளவு பேரைத் தவறவிடுகிறோம் என்று தெரிய, ஏரியில் மீன் எண்ணுகிறவர்களின் வழி உதவும். ஒரு முறை வலை வீசிப் பிடித்ததற்கெல்லாம் குறி வைத்து விடுவார்கள். மறுமுறை பிடித்ததில் குறி உள்ளவை எத்தனை என்று பார்ப்பார்கள். முதல் சுற்றில் 8,000, இரண்டாவதில் 8,200, இரண்டிலும் இருந்தவை 7,300 என்றால், 8,000ஐ 8,200ஆல் பெருக்கி 7,300ஆல் வகுக்க ஏறத்தாழ 8,986. இது பேச்சுக்கு எடுத்த எண்.

இந்தக் கணக்குக்கு இரண்டு வீச்சும் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். அங்கேதான் முன்னே சொன்ன ஒரு நாள் சேமிப்பு காலை வாருகிறது. காலையில் ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று ஓட்டினால் நோடுகள் அதே பட்டியலைத்தான் நீட்டும்; இரண்டிலும் பொதுவானவை செயற்கையாகக் கூடி, மதிப்பீடு குறைந்துபோகும். சரி, ஒரு வாரம் விட்டு ஓட்டலாம் என்றால் அதற்குள் பாதிப் பேர் ஐபி மாற்றியிருப்பார்கள், மதிப்பீடு கூடிப்போகும். நான் இரண்டு நாள் இடைவெளியில், வேறு கண்டத்துச் சர்வரிலிருந்து, வேறு தொடக்க முகவரிகளோடு ஓட்டுகிறேன். இதுவும் சமரசம்தான்.

டோர் நோடு ஒன்றுகூட இல்லை

பழைய அட்ரஸ் செய்தியில் முகவரிக்கு 16 பைட்டுதான் இடம். இன்றைய டோர் முகவரி அதில் அடங்காது. வெர்ஷனுக்கும் வெராக்குக்கும் நடுவே 'எனக்கு இரண்டாம் பதிப்பு அட்ரஸ் செய்தி புரியும்' என்று செண்ட்-அட்ரஸ்-வி2 செய்தியை அனுப்பினால்தான் டோர் முகவரிகளும் அதைப்போன்ற ஐ2பி வலையமைப்பின் முகவரிகளும் உங்களுக்கு வரும். வெராக்குக்கு அப்புறம் அனுப்பினால் பயன் இல்லை. முகவரி வந்தும் இணைய முடியவில்லை என்றால் டோர் நிரல் 9050 போர்ட்டில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். 5 விநாடி டோருக்குப் போதாது, 60 விநாடியாவது வேண்டும்.

பழைய தரவில் எஃப்டி87:டி87இ:இபி43 என்று தொடங்கும் ஐபிவி6 முகவரிகளைப் பார்த்தால் அவை ஐபிவி6 இல்லை, பழைய டோர் முகவரிகளின் வேஷம். 2021இலேயே அந்த வகை டோர் முகவரிக்கு மூடுவிழா நடந்துவிட்டது.

வரைபடத்தில் ஜெர்மனியும் ஃபின்லாந்தும் வீங்கியிருக்கின்றன

ஃபின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 56 லட்சம். அங்கே பிட்காயின் மேல் தனிப் பித்து ஏதுமில்லை. ஹெட்ஸ்னர் என்ற சர்வர் வாடகை நிறுவனத்தின் தரவு மையங்கள் ஜெர்மனியில் நூரெம்பர்க், ஃபால்கன்ஸ்டைன், ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி ஆகிய இடங்களில் உள்ளன. விலை மலிவு. திருச்சியிலோ சாவோ பாலோவிலோ உட்கார்ந்திருப்பவரும் நோடை அங்கேதான் வைப்பார். நோட் இருக்கும் இடமும் அதை நடத்துகிறவர் இருக்கும் இடமும் வேறு வேறு.

இதற்குத் திருத்தம் என்று ஒன்று கிடையாது, பிரித்துக் காட்டத்தான் முடியும். ஒவ்வொரு ஐபியும் எந்த ஏஎஸ் எண்ணுக்குள் (இணையத்தில் ஒரு நிறுவனத்தின் வலையமைப்புக்கு உள்ள அடையாள எண்) வருகிறது என்று பாருங்கள். ஹெட்ஸ்னர் 24940, ஓவிஎச் 16276, அமேசான் 16509. வாடகை சர்வர் நிறுவனங்களை ஒரு நிறத்திலும் வீட்டு இணைப்புகளை இன்னொரு நிறத்திலும் போட்டால் வரைபடம் வேறு கதை சொல்லும். வலையமைப்பு எவ்வளவு பரவியிருக்கிறது என்று கேட்பவருக்கு நாட்டுக் கணக்கைவிட ஏஎஸ் கணக்கே உபயோகம் என்பது என் கட்சி. நான்கைந்து நிறுவனங்கள் கதவைச் சாத்தினால் எத்தனை நோடுகள் போகும் என்பது அதில்தான் தெரியும்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து வயல் நடுவில் நோடுகள் குவிந்திருக்கின்றன என்றால், புவியிடத் தரவுத்தளம் 'அமெரிக்காவில் எங்கோ' என்று சொல்வதை நீங்கள் புள்ளியாக வைத்துவிட்டீர்கள். மேக்ஸ்மைண்ட் தரவுத்தளம் நாடு மட்டும் தெரிந்த முகவரிகளுக்கு முன்பு வடக்கு 38, மேற்கு 97 என்ற புள்ளியைக் கொடுத்துவந்தது. அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் பண்ணைவீட்டில் இருந்தவர்களைத் தேடிக் காவலர்களும் கோபக்காரர்களும் போய் நின்றார்கள். 2016இல் அது செய்தியானதும் புள்ளியை ஏரி நடுவுக்கு நகர்த்தினார்கள். எனவே துல்லிய ஆரம் என்ற புலத்தைப் படியுங்கள். ஆரம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் என்றால் அந்த நோடை நாட்டளவில் மட்டும் எண்ணி, புள்ளி வைக்காமல் விடுங்கள்.

ஒரு முகவரியின் இடத்தில் சந்தேகம் வந்தால் பிங் போட்டு, செய்தி போய்வரும் நேரத்தைப் பாருங்கள். ஃபைபரில் ஒளி மில்லிவிநாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். ஃபிராங்க்ஃபர்ட் சர்வரிலிருந்து போய்வர 4 மில்லிவிநாடி என்றால் அந்த நோட் 400 கிலோமீட்டருக்குள். தரவுத்தளம் அதைச் சிங்கப்பூர் என்று சொன்னால் தரவுத்தளம்தான் தப்பு. அதிக நேரம் எடுத்தால் இந்தச் சோதனையால் எதுவும் சொல்ல முடியாது. கிட்டே இருப்பதை உறுதி செய்யும், தூரத்தை உறுதி செய்யாது.

டோர் நோடுகளுக்கு இடம் கிடையாது. இன்று திறந்த நோடுகளில் பெரும்பங்கு அவைதான். அவற்றை விட்டுவிட்டு மீதியை 100 சதவீதமாக ஆக்கி நாட்டுப் பங்கு போடுவது பலரும் செய்வது. டோரில் இருப்பவர்களும் அதே விகிதத்தில் பரவியிருக்கிறார்கள் என்று ஏன் நம்ப வேண்டும்? 'இடம் தெரியாது' என்று ஒரு பெரிய பட்டையை வரைபடத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள்.

ஒரே நாளில் முகவரிகள் குபுகுபுவென்று ஏறின

2021 ஜூலையில் யாரோ போலி ஐபி முகவரிகளை அட்ரஸ் செய்திகளில் திணித்து வலையமைப்பு முழுக்கப் பரப்பினார்கள். 10 முகவரிக்கு மிகாத செய்திகளை நோடுகள் மற்றவர்களுக்குக் கடத்தும் என்பதுதான் அவர்கள் பிடித்த ஓட்டை. அதற்கப்புறம் பிட்காயின் கோர் இணைந்திருக்கும் ஒரு நோடிடமிருந்து வரும் முகவரிகளைச் சராசரி 10 விநாடிக்கு ஒன்று என்ற வேகத்துக்குக் கட்டுப்படுத்தியது. கேள்விப்பட்டதை எண்ணியவர்களின் வரைகோடு அந்த மாதம் மலையேறியிருக்கும். கைகுலுக்கியதை எண்ணியவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. உங்களுடைய இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்துவையுங்கள். கேள்விப்பட்டதன் கோடு மட்டும் ஏறினால் போலி முகவரிகளின் வெள்ளம். இரண்டும் சேர்ந்து ஏறி, புதியவை எல்லாம் ஒரே ஏஎஸ்ஸில், ஒரே மென்பொருள் பெயரோடு இருந்தால் யாரோ ஒருவர் நிறைய சர்வர் வாடகைக்கு எடுத்திருக்கிறார்.

சர்வர் நிறுவனத்திடமிருந்து புகார் மின்னஞ்சல் வந்தது

இதைத்தான் கடைசியில் சொல்கிறேன் என்றேன். ஆயிரக்கணக்கான முகவரிகளின் போர்ட்டைத் தட்டுவது வெளியிலிருந்து பார்த்தால் ஊடுருவல் முயற்சி மாதிரிதான் தெரியும். எனக்கு இரண்டாவது நாளே 24 மணி நேரத்தில் விளக்கம் தராவிட்டால் சர்வர் நிறுத்தம் என்று கடிதம் வந்தது. வெர்ஷன் செய்தியில் மென்பொருள் பெயர் எழுதும் இடத்தில் இது ஆய்வுக் கிராலர் என்றும் தொடர்புக்கு ஒரு வலைமுகவரியும் போடுங்கள். அந்தப் பக்கத்தில் என்ன செய்கிறீர்கள், விலக்கிக்கொள்ள எப்படிச் சொல்வது என்று நான்கு வரி எழுதுங்கள். தொடர்ந்து செத்துக் கிடக்கும் முகவரிகளை நாளுக்கு ஒரு முறைக்கு மேல் தட்டாதீர்கள், புகார்களில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகின்றன. மின்னஞ்சல் வந்தால் அன்றைக்கே பதில் போட்டு, புகார் சொன்ன தொகுதியை விலக்குப் பட்டியலில் சேருங்கள். விலக்கிய முகவரிகள் எத்தனை என்பதையும் எண்ணின் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.